ஆறாம் இடம், கூடாமலும் குறையாமலும்

நீங்களே சொல்லுங்கம்மா, பதினாலு வருஷமா ஒரு சங்கத்துக்குச் செயலாளரா இருந்தவளை, "நிதானம் போதாது"ன்னு காரணம் காட்டி எடுத்தா எப்படி இருக்கும்? நிதானம் போதாதாம். எனக்கு. இந்த பஸ்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. இல்ல, இந்த பஸ்ல யாருக்கும் என்னைத் தெரியாது. மேலக்கரிசல்ல வந்து கேளுங்க. சண்முகவடிவுன்னா நிதானம்பாங்க. நிதானம்னா சண்முகவடிவும்பாங்க.

பையைக் கீழ வச்சிடுங்க, யாரும் மிதிக்க மாட்டாங்க. திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. வழியில ரோடு வேற தோண்டிப் போட்டிருக்கான்.

நான் பத்திரம் எழுதுறவ. சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிர்த்தாப்ல ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேல ஒரு தகரம். எங்க வட்டாரத்துல பொம்பளைப் பத்திர எழுத்தர் நான் ஒருத்திதான். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதுவேன். கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே ஓடைன்னு நாலு எல்லையும் போட்டு நான் எழுதிக் கொடுத்தா அதுக்கு மேல ஒருத்தன் ஒரு அடி நகர முடியாது. அந்தக் கையெழுத்துக்காகத்தான் என்னை ரசிகர் சங்கத்துல செயலாளரா போட்டாங்க.

சினிமா ரசிகர் சங்கம் இல்லம்மா. ஹாக்கி. எங்க பக்கம் பூராவும் ஹாக்கிதான். கிரிக்கெட்டை டிவியில பாப்போம், ஹாக்கியை மைதானத்துல பாப்போம். எங்க ஊர் டீம் பேரு விடிவெள்ளி ஹாக்கி கிளப். வட்டார லீக்ல எட்டு டீம். வருஷா வருஷம் ஆடி ஆவணியில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆட்டம் நடக்கும். ஒவ்வொரு டீமும் ஏழு ஆட்டம் ஆடணும். முதல் நாலு இடத்துக்கு வந்தா அரையிறுதி. கடைசி எட்டாம் இடத்துக்கு வந்தா கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிடுவாங்க.

நம்ம டீம் எத்தனாவது வருமா? அதை மட்டும் கேக்காதீங்க. சரி, கேட்டுட்டீங்க. போன வருஷம் ஏழு. அதுக்கு முன்னாடி வருஷம் எட்டு. எட்டுன்னா கீழ போயிருக்கணும்லா. போகல. ஏன்னா வேற ஒரு டீம்ல அண்ணன் தம்பிக்குள்ள சண்டை வந்து டீமையே கலைச்சுட்டாங்க, அதனால நாங்க தப்பிச்சோம். அதுக்கு முன்னாடியும் ஏழுதான்.

எனக்கு இந்த ஹாக்கிப் பைத்தியம் எல்லாம் கிடையாது. எங்க வீட்டுக்காரருக்குத்தான். கல்யாணம் ஆன மூணாம் நாள், மறுவீட்டுக்குப் போற வழியில, "அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுவோம்"னு என்னை மைதானத்துல இறக்கினார். பட்டுச்சேலையோட நின்னேன். எங்க அம்மா வீட்டுல இலை போட்டுட்டுக் காத்திருக்காங்க. நாங்க போய்ச் சேரும்போது இலை வாடிப்போச்சு. ரெண்டுக்கு ரெண்டு, டிரா. கடைசி கோல் ஆஃப்சைடு மாதிரி எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் சொல்லல. புதுப்பொண்ணு.

அவர் தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர். ரொம்பத் தங்கமான மனுஷன், ஹாக்கி இல்லாத மாசத்துல. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க டீம் எப்படியோ அரையிறுதிக்குப் போயிருச்சு. அன்னிக்குத் தோத்து வந்தாரு பாருங்க, பதினோரு நாள் பேச்சே கிடையாது. சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவார். வேலைக்குப் போனாரு, ஆனா கவனமா போனாரு? அந்த வாரம் அவர் பாத்து அனுப்பின தீப்பெட்டியில எல்லாம் லேபிள் தலைகீழா ஒட்டிப் போயிருந்துச்சு. மயில் படம். ஒரு லோடு மயில் தலைகீழா வடக்கே போச்சு. பிரஷர் மாத்திரையும் அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். இன்னிக்கு வரைக்கும் காலையில ஒண்ணு.

அதனாலதான் நான் இந்த வருஷம் ஒரு முடிவோட இருந்தேன். ஆசைப்பட்டாத்தானே ஏமாறுவான் மனுஷன். அளவா ஆசைப்படட்டும். அதுக்கு ஒரு எல்லை போட்டுக் கொடுத்துருவோம்னு.

ஆனி மாசம் சங்கக் கூட்டம். எங்க தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி. கடலை மிட்டாய்க் கடை வச்சிருக்காங்க. கடைக்குப் பின்னால குடோன்ல வெல்ல மூடை மேல உக்காந்துதான் கூட்டம் நடக்கும். எறும்பு ஏறும், அதனால யாரும் ரொம்ப நேரம் பேச மாட்டாங்க. அன்னிக்கு மட்டும் மூணு மணி நேரம் போச்சு.

எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு, "இந்த வருஷம் இலக்கு கோப்பை. வேற பேச்சே இல்ல"ன்னார்.

சங்கத்துக்குள்ள நான் அவரை உறுப்பினர்னுதான் சொல்றது. "உறுப்பினர் வேலாயுதம் எதை வச்சு அப்படிச் சொல்றார்னு தெரிஞ்சா தேவலை"ன்னேன்.

"மனசை வச்சுத்தான்."

"பாயிண்ட் டேபிள்ல மனசுன்னு ஒரு கட்டம் இல்லையே."

"வடிவு, இது வீடு இல்ல, கூட்டம்"ன்னார்.

"நானும் அதைத்தான் சொல்றேன், உறுப்பினர் உக்காரலாம்"ன்னேன்.

அப்புறம் நான் மூணு வருஷக் கணக்கை வாசிச்சேன். எத்தனை கோல் வாங்கினோம், எத்தனை போட்டோம், எத்தனை ஆட்டத்துல பதினோரு பேரும் வந்து சேர்ந்தாங்க, எல்லாம். இலக்கு ஆறாம் இடம்னு வச்சா நாம நிம்மதியா இருக்கலாம், போன வருஷத்தை விட ஒரு படி ஏத்தம், ஆட்டக்காரங்களுக்கும் பாரம் இல்லன்னு சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினாங்க. மீதிப் பேர் எங்க வீட்டுக்காரர் பக்கம்.

நடுவுல காசிராஜன்னு ஒருத்தன், ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பாக்கிறவன், அவனுக்கு யார் மனசும் நோகக் கூடாது. "அண்ணாச்சி, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா அஞ்சரைன்னு வச்சிட்டா என்ன?"ன்னான்.

"அஞ்சரையில யாருவே போய் நிப்பா?"ன்னாங்க அண்ணாச்சி.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அண்ணாச்சி. கோல் வித்தியாசத்துல நிக்கலாம்."

ஓட்டு எடுத்தோம். பதினஞ்சுக்குப் பதினஞ்சு. அண்ணாச்சி ஓட்டுதான் பாக்கி. அவங்க ரொம்ப நேரம் எறும்பைத் தட்டி விட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "எனக்கும் வயசாகுது. ஆறே இருக்கட்டும்"னுட்டாங்க.

தீர்மானத்தை நான் எழுதினேன். எழுதும்போது கை பழக்கம் பாருங்க. பத்திரத்துல, இந்த இடம் இத்தனை சென்ட், கூடாமலும் குறையாமலும்னு எழுதித்தான் பழக்கம். அதே மாதிரி, "மேற்படி அணி மேற்படி லீக்கில் ஆறாம் இடத்தை, கூடாமலும் குறையாமலும் அடைய வேண்டியது" அப்படின்னு எழுதிட்டேன். முப்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தரும் வாசிக்கல. என் மேல அவ்வளவு நம்பிக்கை.

அந்தத் தீர்மானத்தை எழுதி மைதானத்து வாசல்ல ஒரு போர்டு வைக்கணும்லா. எங்க டீம் கோல்கீப்பர் பூல்பாண்டி, சுவர்ல விளம்பரம் எழுதுறவன். அவன்தான் எழுத வந்தான். வீட்டு வாசல்ல தகரத்தைச் சாத்தி வச்சு, பிரஷ்ஷைத் தொட்டுட்டு, தாளை ரெண்டு தடவை வாசிச்சான்.

"அக்கா, குறையாமலும்னு போட்டது சரி. கூடாமலும்னு இருக்கே."

"ஆமா."

"அப்ப நாங்க அஞ்சாவதா வந்தா?"

"நீங்க எங்கப்பா அஞ்சாவதா வரப் போறீங்க"ன்னேன். அன்பாத்தான் சொன்னேன். "எழுதினபடி எழுது. அது தீர்மானம்."

அவன் பிரஷ்ஷைத் திருப்பித் தொட்டுக்கிட்டான். எழுதினான். நல்ல எழுத்து, சிவப்புல எழுதி மஞ்சள்ல கரை கட்டினான். "கூடாமலும்"னு எழுதின இடத்துல மட்டும் பெயிண்ட் கொஞ்சம் வழிஞ்சிருக்கும்.

முதல் ஆட்டத்தன்னிக்கு ஆட்டக்காரங்க எல்லாம் அந்தப் போர்டுக்கு முன்னாடி நின்னு வாசிச்சாங்க. கேப்டன் மரியசெல்வம், பள்ளிக்கூட வேன் ஓட்டுறவன், ரொம்ப நேரம் நின்னான். எதிர் டீம்காரங்களும் நின்னாங்க. அவங்க போர்டோட போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அன்னிக்கு ஆறுக்குச் சைபர்னு தோத்தோம். காசிராஜன் வந்து, "அக்கா, ஆறுன்னு நீங்க சொன்னது இதைத்தானா"ன்னான். நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். முகம் நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் ரெண்டு தோசை கூடவே சாப்பிட்டார். பாத்தீங்களா, எல்லை போட்டா மனுஷன் எப்படி நிம்மதியா இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது ஆட்டம் டிரா. சரி, ஒரு பாயிண்ட் வேணும்தான். மூணாவது ஆட்டம் ஒண்ணுக்குச் சைபர்னு ஜெயிச்சாங்க. ஆறாம் இடத்துக்கு வந்தாச்சு. நான் எல்லாருக்கும் என் செலவுல டீ சொன்னேன். இலக்கை எட்டியாச்சு, இத்தோட லீக்கை நிறுத்திட்டா நல்லா இருக்கும்னு கூட ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நாலாவதும் ஜெயிச்சாங்க.

அஞ்சாவது மூணுக்குச் சைபர். மூணாம் இடம்.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மரியசெல்வத்தை வேன் ஸ்டாண்டுல போய்ப் பாத்தேன். "தம்பி, என்னப்பா இது?"ன்னேன். "என்னக்கா?"ன்னான். "கொஞ்சம் நிதானமா ஆடுங்கப்பா. பெரியவங்க எல்லாம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க"ன்னேன். அவன் வேன் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "போர்டு பெருசா இருக்குக்கா, எல்லையில நின்னு ஆடும்போது கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு"ன்னான். அவ்வளவு அழகா எழுதியிருக்கான் பூல்பாண்டி. அதைப் பாராட்டுறான்னு நினைச்சேன்.

சங்கத்துல ஆள் ஆளுக்கு வந்து, தீர்மானத்தைத் திருத்தணும்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். எழுதிக் கையெழுத்தான ஒண்ணைத் திருத்தணும்னா திருத்தப் பத்திரம் எழுதணும், எழுதிக் கொடுத்தவங்க அத்தனை பேரும் நேர்ல வரணும். ஒருத்தர் மதுரைக்கு மக வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வராம நடக்காதுன்னேன்.

வீட்டுல எங்க வீட்டுக்காரர் நாள்காட்டிக்குப் பக்கத்துல சுவர்லயே பாயிண்ட் டேபிள் எழுத ஆரம்பிச்சுட்டார். பென்சிலால. கூட்டல் தப்பு. நான் குழம்பு வச்சுக்கிட்டே அதைத் திருத்தி விடுவேன். கோல் வித்தியாசம், எந்த டீம் யார்கூட ஆடணும், யார் தோத்தா நமக்கு என்ன ஆகும், எல்லாத்தையும் மூணு கலர்ல நான்தான் போட்டேன். ஆசையினால இல்ல. தப்பாக் கூட்டி வச்சா எனக்குப் பிடிக்காது.

ஆறாவது ஆட்டம் தோத்தோம். நாலாம் இடம். கடைசி ஆட்டம் தோத்தா ஆறாம் இடத்துக்கே வர வாய்ப்பு இருந்துச்சு. ஜெயிச்சா அரையிறுதி. நான் நோட்டை எடுத்துட்டு மைதானத்துக்குப் போனேன். தீர்மானம் எப்படி நிறைவேறுதுன்னு செயலாளர் பாக்கணும்லா. எல்லைக் கோட்டுக்கு வெளிய அமைதியா நின்னேன். ஒண்ணுக்கு ஒண்ணுன்னு இருக்கும்போது எங்க பையன் ஒருத்தன் வலது பக்கத்துல பந்தைப் பிடிச்சு ஓடுறான். அடிக்க மாட்டேங்கிறான். அடிக்கவே மாட்டேங்கிறான். அப்புறம் விசில் சத்தம். அம்பயர் என் முன்னால நிக்கிறார்.

"அம்மா, நீங்க டி வளையத்துக்குள்ள நிக்கிறீங்க"ன்னார்.

பாத்தா, ஆமா. கோல் போடுற வளையத்துக்குள்ளதான் நிக்கிறேன். எப்ப வந்தேன்னு தெரியல. அந்தப் பக்கம் தரை கொஞ்சம் சரிவு. என் குடையை வேற யாரோ என் கையில தலைகீழாக் கொடுத்திருக்காங்க, மட்டை மாதிரி. என்னை வெளிய அனுப்பிட்டாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் முருங்கை மரத்தடியில நின்னுதான் மீதி ஆட்டத்தைக் கேட்டேன். ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சாச்சு.

அரையிறுதிக்குப் போகவே கூடாதுன்னு இருந்தேன். ஒரு பாகப்பிரிவினை எழுத வேண்டியது இருந்துச்சு. கட்சிக்காரங்க அண்ணன் தம்பி நாலு பேரும் ஹாக்கி பாக்கப் போறதால அவங்களே நாளைத் தள்ளி வச்சிட்டாங்க. நான் என்ன பண்ண? போனேன். டிரா ஆகி, ஷூட் அவுட்ல பூல்பாண்டி மூணு பந்தைத் தடுத்தான். மூணாவதைத் தடுத்துட்டு, முகமூடியைக் கழட்டிட்டு, நேரா என்னைப் பாத்துக் கும்பிட்டான். ரொம்ப மரியாதைக்கார பையன்.

இப்பத்தான்மா விஷயத்துக்கு வர்றேன்.

இறுதி ஆட்டம் ஆவணி கடைசி ஞாயிறு. எதிர்ல மன்னர்குளம் டீம். பதினொரு வருஷமா கோப்பையை அவங்கதான் வச்சிருக்காங்க. கோப்பையை வைக்கிறதுக்குன்னே கண்ணாடி அலமாரி செஞ்சிருக்காங்க, அதுல பதினொரு வருஷமா தூசி துடைக்க மட்டும்தான் எடுக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. அன்னிக்குக் காலையில இட்லி வச்சேன். எங்க வீட்டுக்காரர் தொடல. தட்டையே பாத்துக்கிட்டு இருந்தார்.

"என்ன?"ன்னேன்.

"வடிவு, எப்படிப் பாத்தாலும் ரெண்டாம் இடம் உறுதியாயிருச்சு."

"சரி."

"அது போதும்லா? நம்ம டீமுக்கு ரெண்டாம் இடம்னா எவ்வளவு பெரிய விஷயம். நீ சொன்னதுதான் சரி. அளவா ஆசைப்படணும்."

எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியல. கரண்டியைக் கீழ வச்சேன். "ரெண்டாம் இடமா?"ன்னேன். "இருபத்தாறு வருஷமா இந்த வீட்டுல கோப்பை கோப்பைன்னு கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. எங்க அம்மா வீட்டு இலை வாடிப் போச்சு. மயில் தலைகீழாப் போச்சு. இப்ப கோப்பை நாலு முழம் தூரத்துல வந்து நிக்குது, இப்ப வந்து ரெண்டாம் இடம் போதும்கிறீங்களா?"

"கத்தாத வடிவு."

"நான் எங்க கத்துறேன்?"

பக்கத்து வீட்டுல இருந்து எட்டிப் பாத்தாங்க. அது அவங்க சுபாவம்.

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "எனக்குப் பயமா இருக்கு. தூரத்துல இருந்தப்ப பயம் இல்ல. இப்ப கிட்ட வந்துருச்சு"ன்னார்.

அப்படி அவர் எதையும் என்கிட்ட சொன்னது இல்லம்மா. அவர் அப்பா செத்த அன்னிக்குக் கூடச் சொல்லல. நான் பக்கத்துல உக்காந்து இட்லியைப் பிட்டு வச்சேன். "ஒண்ணும் ஆகாது. ஜெயிக்கப் போறோம். நான் கணக்குப் போட்டுட்டேன்"ன்னேன். கணக்கு எதுவும் போடல. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். நானும் ஒண்ணு போட்டுக்கிட்டேன். எனக்கு பிரஷர் கிடையாது, சும்மா துணைக்கு.

ஊரே மைதானத்துல இருந்துச்சு. மன்னர்குளத்துக்காரங்க எதிர்ப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். அவங்க ஒண்ணு, நாங்க ஒண்ணு. அவங்க ரெண்டு, நாங்க ரெண்டு. அவங்க மூணு. முடிய ஒரு நிமிஷம் கூட இல்ல, அவங்க ஆள் ஒருத்தன் கோலுக்கு முன்னாடி காலால பந்தைத் தடுத்துட்டான். எங்களுக்கு பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தாங்க. கீப்பர் ஒருத்தன், அடிக்கிறவன் ஒருத்தன், நடுவுல யாரும் இல்ல. போட்டா மூணுக்கு மூணு. மரியசெல்வம் பந்துகிட்ட போய் நின்னான்.

எங்க வீட்டுக்காரர் திரும்பி நின்னுட்டார். "என்னால பாக்க முடியாது. நீ பாத்துச் சொல்லு"ன்னார். சரின்னேன். சரின்னுட்டு நானும் கண்ணை மூடிட்டேன். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம், இருபத்தாறு வருஷமா ஒரு ஆட்டம் விடாமப் பாத்தவங்க, அந்த ஒரு அடியை மட்டும் பாக்கல.

மட்டை பட்ட சத்தம் கேட்டுச்சு. அப்புறம் டங்குன்னு ஒரு சத்தம். அப்புறம் கூச்சல். எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு காதைக் கொடுத்துக் கேட்டேன். எதிர்ப் பக்கத்துல இருந்து வந்துச்சு. எங்களைச் சுத்தி ஒரு சத்தமும் இல்ல.

"என்ன ஆச்சு வடிவு?"ன்னார்.

"கம்பத்துல பட்டுருச்சு"ன்னேன். பாக்காமலே.

மரியசெல்வம் மட்டையை ஊனி அங்கேயே உக்காந்துட்டான். யாரும் கிட்ட போகல. நான் போனேன். இந்தத் தடவை அம்பயர் ஒண்ணும் சொல்லல. போய்ப் பக்கத்துல உக்காந்தேன். வேன்ல பிள்ளைகளை ஏத்தி இறக்குற கை, மட்டையில சுத்தியிருந்த டேப்பைப் பிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் என் பாட்டுக்கு, எட்டுல ரெண்டாவதுப்பா, எவ்வளவு பெரிய விஷயம், அப்படின்னு காலையில அவர் சொன்னதையே சொல்லப் போனேன். வாயில வரல.

"அக்கா, அந்தப் போர்டை எடுத்துருவீங்களா?"ன்னான்.

"எடுத்துருவேன்"ன்னேன்.

அவ்வளவுதான் பேசினோம். அன்னிக்கு மைதானத்துல ரொம்பத் தூசி, எனக்குக் கண்ணு சிவந்து போச்சு.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணார் தெரியுமா? கை கால் கழுவினார். மத்தியானச் சோத்துல தண்ணி ஊத்தி ஊறுகாய் வச்சுச் சாப்பிட்டார். "நல்லா ஆடினாங்க"ன்னார். படுத்தார். தூங்கிட்டார். சுவரைப் பாத்து இல்ல, கூரையைப் பாத்து. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ்ல மயில் எல்லாம் நேராத்தான் போச்சு, நான் போன் போட்டுக் கேட்டேன். எனக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கல. அது அசிடிட்டி. ஒரு கிரயப் பத்திரத்துல வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் மாறிப் போச்சு. அதுவும் அசிடிட்டிதான்.

புரட்டாசியில சங்கக் கூட்டம். அடுத்த வருஷ இலக்கு. எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு, "நாலாம் இடம். அரையிறுதிக்கு வந்தா போதும், மத்தது போனஸ்"ன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. நான் எந்திரிச்சேன். "கோப்பை"ன்னேன்.

"எதை வச்சு?"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

நான் அமைதியா விளக்கினேன். ஒரு நாப்பது நிமிஷம் இருக்கும். எல்லாருக்கும் கேக்கணும்னு ஒரு வெல்ல மூடை மேல ஏறி நின்னேன். அந்த மூடை கிழிஞ்சது நான் குதிச்சதாலன்னு சொல்றாங்க. அது பழைய மூடை. காசிராஜனோட சட்டையை நான் பிடிச்சேன்னு சொல்றாங்க. மூடை கிழிஞ்சப்ப விழாம இருக்க எதையாவது பிடிக்கணும்லா. அவன் அந்த நேரத்துல, "கோப்பைக்கும் நாலுக்கும் நடுவுல ரெண்டரை"ன்னு சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஓட்டு எடுத்தாங்க. இருபத்தொன்பதுக்கு ரெண்டு. எனக்கு விழுந்த ரெண்டுல ஒண்ணு என்னுது. இன்னொண்ணு யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அண்ணாச்சியாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு, ஏன்னா அவங்க தலை நிமிரவே இல்ல.

அப்புறம்தான் அந்தத் தீர்மானம். செயலாளர் நிதானம் தவறி நடந்துக்கிட்டதால அவங்களை எடுத்துட்டு, நிதானமான ஒருத்தரைப் போடணும்னு. யாரைப் போட்டாங்க? எங்க வீட்டுக்காரரை. அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். வீட்டுக்கு நோட்டைக் கொண்டு வந்து, அரை மணி நேரம் பேனாவை வச்சு மல்லுக்கட்டிட்டு, "வடிவு, இதை மட்டும் கொஞ்சம் எழுதிக் கொடேன்"ன்னார். என்னை நீக்கின தீர்மானத்தை எழுதினது நான்தான்மா. "மேற்படி சண்முகவடிவு என்பவர் மேற்படி கூட்டத்தில்"னு ஆரம்பிச்சு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம. இதுக்கு மேல ஒரு மனுஷிக்கு என்ன நிதானம் வேணும்?

இப்ப நான் பாளையங்கோட்டையில தங்கச்சி வீட்டுக்குத்தான் போறேன். அங்க பக்கத்துல ஒரு காலேஜ்ல சாயங்காலம் ஹாக்கி ஆடுவாங்களாம், போற வழியில சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் பாக்கலாம்னு. பூல்பாண்டிக்கு துபாய்ல வேலை கிடைச்சுருச்சு, மாசி மாசம் போறான். அடுத்த வருஷம் கோல்ல நிக்க ஆள் இல்ல. அது என் கவலை இல்ல, நான் இப்ப செயலாளர் கிடையாது.

நான் பாட்டுக்குப் பேசிட்டே வர்றேன். உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கல பாருங்க. வீட்டுக்காரர் என்ன பண்றார்? மின்வாரியத்துலயா. லைன்மேனா. அப்ப கம்பம் எல்லாம் ஏறுவார். பயம் கியம் கிடையாது. உயரமா இருப்பாரா? இல்ல, சும்மாத்தான் கேக்கிறேன். ஆறடியா. கையை நீட்டினா எவ்வளவு தூரம் வரும்? ஹாக்கி ஆடினதே இல்லையா, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. குறுக்க நிக்கத் தெரிஞ்சா போதும், மத்ததை மரியசெல்வம் சொல்லிக் கொடுத்துருவான்.

எங்க ஊர்லயும் மின்வாரிய ஆபீஸ் இருக்கும்மா. பள்ளிக்கூடம் பக்கம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நல்ல தண்ணி வருது, வீட்டு வாடகையும் கம்மி. மாறுதல் மனு எல்லாம் எழுத வேண்டியபடி எழுதினா யாரும் மறுக்க முடியாது. பேனா தேட வேண்டாம், நான் வச்சிருக்கேன். அவர் பேரையும் இனிஷியலையும் மட்டும் சொல்லுங்க.